வெள்ளைக் குட்டியும் கேட்காத காதும்

மல்லாங்கிணற்றிலும், காரியாபட்டி, கல்குறிச்சி, வரலொட்டிப் பக்கத்துப் பட்டிகளிலும் வேட்டைநாய் வளர்க்கும் தம்பிமாருக்கு,

ஐப்பசி மழை விழுந்து கரிசல் காலில் ஒட்டத் தொடங்கிவிட்டது. பொட்டை நாய்கள் பருவத்துக்கு வரும் நேரம். இன்னும் சில நாளில் 'நல்ல கடுவன் யார்கிட்ட இருக்கு' என்று செல்போனில் விசாரணை ஓடும். ராஜபாளையத்துக்கும் கோவில்பட்டிக்கும் வண்டி பிடித்துப் போய் மேட்டிங் போட்டு வருவீர்கள். அதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இப்போதே எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, பூனைக்கண் என்று தேடித்தேடிக் குட்டி எடுக்கிற ஆசை நம் ராஜபாளையம் நாயைச் செவிடாக்கிக்கொண்டிருக்கிறது. இதை நிறுத்த யாரும் மேலிருந்து உத்தரவு போட வேண்டியதில்லை. எந்தக் கடுவனை எந்தப் பொட்டையோடு சேர்ப்பது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள்தான்.

நம் விருதுநகர் மாவட்டத்துக்கு இரண்டு நாயினங்கள் சொந்தம். மேற்கே மலையடிவாரத்து ராஜபாளையம் ஒன்று, வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிப்பிப்பாறை இன்னொன்று. 2020-இல் ஹரியானா மாநிலம் கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபணு வள நிறுவனம் இந்தியாவின் நாட்டு நாய்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, முதன்முதலில் பதிவான மூன்று இனங்களில் இரண்டு இவை. மூன்றாவது கர்நாடகத்து முதோல். அதற்கு முன்பே 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுக்காவல் நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நம் ராஜபாளையமும் அதில் நின்றது. 2020 ஆகஸ்டு மாத 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசிய பிறகு குட்டி விலை எப்படி ஏறியது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர் வந்தது நல்லது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டு வண்டியில் வந்து இறங்குகிறவர் எதைக் கேட்கிறார்? 'முழு வெள்ளையா? மூக்கு ரோஸா?' இந்த இரண்டைத்தான். குட்டிக்குக் காது கேட்குமா என்று கேட்கிறவர் அபூர்வம்.

இந்த நாய் எதற்காக உண்டானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேத்தூர், கொல்லங்கொண்டான், ஏழாயிரம்பண்ணை என்று பாளையங்கள் நிறைந்திருந்த மண் இது. பாளையக்காரர்கள் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெரிய நாய்களை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் இவை 'பாளையக்கார நாய்' என்றே வருகின்றன. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதிலிருந்து 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது வரை நடந்த சண்டைகளில், வெள்ளையர் குதிரை லாயங்களுக்குள் இந்த நாய்களை ஏவிவிட்டதாக ராஜபாளையத்தில் இன்றைக்கும் பெரியவர்கள் கதை சொல்லுவார்கள். விஜயநகரக் காலத்தையொட்டித் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்களின் வீடுகளில்தான் இந்த இனம் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் நம் கரிசல் பக்கத்து நாய்கள். உடம்பு மெலிவு, வேகம் அதிகம், முயலுக்கென்று வளர்ந்தவை. ராஜபாளையம் அதைவிடக் கனத்த நாய். தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை வரும். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட முகவாய், வலுத்த தாடை, பாதி மடிந்த காது, நுனியில் லேசாக மேல் வளைந்த வால், உடம்போடு ஒட்டிய குட்டை மயிர். கண் பொன்னிறமாக இருக்க வேண்டும். இந்தப் பொன்னிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

இவை பார்த்துத் துரத்துகிற நாய்கள். மோப்பம் பிடித்துக் குனிந்து போகிற நாயின் உடம்பு வேறு, தூரத்தில் அசைவதைக் கண்டு பாய்கிற நாயின் உடம்பு வேறு. ஒடுங்கிய நீண்ட தலையில் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் பின்பக்கம் கொஞ்சம் தவிர மற்றெல்லாத் திசையும் அதற்குத் தெரியும். பருத்திமார் பிடுங்கிய காட்டில் காலை நேரத்தில் ஒரு நல்ல நாயை அவிழ்த்துவிட்டு, ஓரமாகக் குத்தவைத்துப் பாருங்கள். முதுகு வளைந்து பின்னங்கால்கள் இரண்டும் முன்னங்கால்களைத் தாண்டி முன்னால் வந்து ஊன்றும். மறு நொடி உடம்பு மொத்தமும் நீளத்துக்கு விரியும். வளையும்போது ஒரு தடவை, விரியும்போது ஒரு தடவை, ஆக ஒரே பாய்ச்சலில் இரண்டு தடவை நான்கு காலும் மண்ணைத் தொடாமல் இருக்கும். சாதாரண நாய்க்கு இந்த ஓட்டம் எளிதில் வராது. சிப்பிப்பாறையிடமும் கன்னியிடமும் இது சுத்தமாகத் தெரியும். ராஜபாளையத்திடம் கொஞ்சம் கனத்தோடு தெரியும். இந்த ஓட்டத்துக்கு வேண்டியவை முதுகு, தொடை, இறுகிய பாதம், பெரிய இதயம். இதில் தோலின் நிறத்துக்கு எந்த வேலையும் கிடையாது. அரபு நாடுகளின் சலுக்கியும் நம்முடையதைப் போலப் பார்த்துத் துரத்துகிற நாய்தான். பாலைவனத்து மக்கள் பல நூறு ஆண்டுகள் அதை வளர்த்தார்கள். வெள்ளை, சந்தனம், செம்மண் நிறம், கறுப்பு என்று எத்தனையோ நிறத்தில் இருக்கிறது. ஓட்டத்தைப் பார்த்து எடுத்தார்கள், நிறம் அதன் போக்கில் வந்தது. நம் கரிசலிலும் அப்படித்தானே இருந்தது? சாம்பல் பிள்ளை, சந்தனப் பிள்ளை, பருக்கி, செவலை, மயிலை, பால்கன்னி என்று நிறத்துக்கு நிறம் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். எந்த நிறத்தையும் கழித்துப் போடவில்லை. அதனால்தான் சிப்பிப்பாறையில் இந்தச் செவிட்டுத் தொல்லை பெரிதாக இல்லை.

ராஜபாளையத்தில் கதை வேறு. அங்கே வெள்ளை மட்டுமே மதிப்பு. ஒரே ஈற்றில் கறுப்பு மறையோ பழுப்புத் திட்டோ விழுந்த குட்டிகளும் பிறக்கும், முழுக் கறுப்பும்கூடப் பிறக்கும். அவற்றைப் பிறந்த அன்றே ஒழித்துவிடுகிற பழக்கம் இருந்தது. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை நிறமுள்ளதைக் கழித்து, வெளுத்ததை வெளுத்ததோடு சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்?

காதுக்குள்ளே, நத்தைக்கூடு வடிவத்தில் ஒரு எலும்பு அறை இருக்கிறது. ஓசை நரம்புச் செய்தியாக மாறுவது அங்கேதான். அந்த அறையின் சுவரில் ரத்தக்குழாய்கள் அடர்ந்த ஒரு பட்டை உண்டு. அந்தப் பட்டை உயிரோடு இருக்க, தோலுக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுக்கிற அதே நிறமி உயிரணுக்கள் வேண்டும். கரு வளரும்போது இந்த உயிரணுக்கள் முதுகுத்தண்டுப் பக்கமிருந்து கிளம்பி உடம்பெங்கும் போய்ச் சேர்கின்றன. நிறமற்ற நாயில் அவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மயிரில் இல்லை என்றால் வெள்ளையாக இருக்கும், அதனால் நாய்க்கு நஷ்டம் இல்லை. கருவிழியில் இல்லை என்றால் நீலம் பாய்ந்த பூனைக்கண். காதுக்குள் இல்லை என்றால், அந்தப் பட்டை பிறந்த சில வாரங்களில் வாடிப்போகும். அதோடு ஓசையைப் பிடிக்கிற நுண்மயிர்களும் செத்துவிடும். குட்டிக்குக் காதுத் துவாரம் திறப்பது இரண்டு வாரத்தில். மூன்று, நான்கு வாரத்துக்குள் காது போய்விடுகிறது. பிறகு எந்த மருந்துக்கும் அது திரும்பாது. முழு வெள்ளையில் பூனைக்கண்ணோடு பிறக்கும் ராஜபாளையக் குட்டி பெரும்பாலும் செவிடாக இருப்பதற்கு இதுதான் காரணம். பொன்னிறக் கண் வேண்டும் என்று முன்னே சொன்னதும் இதற்காகத்தான்.

இது நம் நாய்க்கு மட்டும் வந்த கேடு அல்ல. புள்ளி போட்ட டால்மேஷனும் அடிப்படையில் வெள்ளை நாய்தான். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெயின் என்ற ஆய்வாளர் பல்லாண்டுகளாக ஆயிரக்கணக்கான நாய்களின் காதைச் சோதித்துப் பார்த்தார். அமெரிக்க டால்மேஷன்களில் நூற்றுக்குச் சுமார் 30-க்குக் கேட்புக் குறை இருந்தது. அதில் 22 ஒரு காது மட்டும் செவிடு, 8 இரண்டு காதும் செவிடு. இந்த 22 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு காது கேட்கிற நாய் கூப்பிட்டால் வரும், சத்தம் கேட்டால் தலை தூக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. அதை நல்ல நாய் என்று நம்பி மேட்டிங் போடுவோம். அடுத்த ஈற்றில் முழுச் செவிடு பிறக்கும். 'அப்பனும் ஆத்தாளும் நல்லாத்தானே இருக்கு' என்று நாம் தலையைச் சொறிவோம்.

டால்மேஷனிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிறக்கும்போதே காதிலோ முகத்திலோ பெரிய கருந்திட்டோடு சில குட்டிகள் பிறக்கும். கண்காட்சி விதிப்படி அந்தத் திட்டு குற்றம், நாய் தள்ளுபடி. ஆனால் சோதித்துப் பார்த்தால் அப்படித் திட்டு விழுந்த குட்டிகளிடம்தான் செவிடு மிகக் குறைவு. அழகுக்காகத் தள்ளியவை ஆரோக்கியமானவை. நம் ஊரில் பிறந்த அன்று சாக்கில் கட்டிக் கண்மாய்க்குப் போன மறைக் குட்டிகளை நினைத்துப் பாருங்கள். இந்த இனத்துக்கு நல்ல காதைத் திருப்பிக் கொடுத்திருக்கக் கூடியவை அவை.

வெளிநாட்டில் மின்கருவி வைத்துக் குட்டியின் காதைச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியே ஓசை கொடுத்து, மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்று அளக்கிற சோதனை. ஐந்து, ஆறு வாரத்தில் செய்துவிடலாம். நம் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. முழுச் செவிட்டையாவது வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், ஆனால் நம் ஆட்கள் செய்கிற முறை தப்பு. குட்டிகள் குவியலாகத் தூங்கும்போது எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுகிறார்கள். எல்லாம் எழுந்து நிற்கும், 'எல்லாத்துக்கும் காது கேக்குது' என்று சொல்லிவிடுவார்கள். செவிட்டுக் குட்டி எழுந்தது சத்தத்தைக் கேட்டு அல்ல. சிமெண்டுத் தரை அதிர்ந்தது அதன் வயிற்றுக்குத் தெரியும், பக்கத்துக் குட்டி துள்ளியது அதன் விலாவில் படும். சரியான முறை இது. ஆறாவது வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே, ஆள் நடமாட்டமில்லாத அறையில், மடித்துப் போட்ட சாக்கின் மேல் விட்டுவிடுங்கள். முன்னால் கொஞ்சம் கஞ்சி வையுங்கள். அது தலை குனிந்து நக்கத் தொடங்கிய பிறகு, அதன் கண்ணுக்கும் நிழலுக்கும் படாமல், பின்னாலிருந்து ஒரு கைநீளம் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் சாவிக்கொத்தை ஒரு தரம் குலுக்குங்கள். கேட்கிற குட்டி நக்குவதை நிறுத்தும், அல்லது காது விறைக்கும், அல்லது தலை திரும்பும். கேட்காத குட்டி கஞ்சியை நக்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் விட்டு விசிலில், பிறகு கைத்தட்டலில் மறுபடி பாருங்கள். கைத்தட்டும்போது காற்று அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டில் குட்டியின் அடையாளத்தையும் என்ன நடந்தது என்பதையும் எழுதி வையுங்கள். ஒற்றைக் காதுச் செவிட்டை இந்த முறை காட்டாது. அதற்காகத்தான் ஒரு ஈற்றில் ஒரு குட்டி செவிடு என்றாலும் அந்த ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள், அந்த ஈற்றின் மற்ற வெள்ளைக் குட்டிகளையும் மேட்டிங்குக்கு வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

செவிட்டுக் குட்டியைக் கொல்லச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கை ஜாடைக்குப் பழக்கினால் வீட்டுக்குள் நன்றாக வாழும். ஆனால் வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், கருத்தடை செய்து கொடுக்க வேண்டும். சொல்லாமல் விற்றால் நடப்பது என்ன என்று பாருங்கள். ராஜபாளையத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். எல்லோரிடமும் வாலாட்டுகிற நாய் இல்லை. ஒரு வீட்டுக்கு, அதிலும் பெரும்பாலும் ஒரே ஆளுக்குக் கட்டுப்படும். வேற்றாள் தொட்டால் பிடிக்காது. கண்ணில் பட்டவன் மேல் உடனே விழாமல் முதலில் நின்று அளந்து பார்க்கிற நிதானம் அதற்கு உண்டு, அதுதான் அதன் பெருமை. அந்த நிதானத்துக்கு ஆள் வருவது முன்கூட்டியே தெரிய வேண்டும். காது கேட்காத காவல் நாய்க்கு எல்லாமே திடீரென்றுதான் நடக்கும். தூங்கிக்கொண்டிருக்கையில் பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டினால், அது கடிப்பதற்கு முன் யோசிக்க அவகாசம் இல்லை. கடித்த பிறகு 'ராஜபாளையம் வெறிபிடித்த ஜாதி' என்று பேர். அதன் பிறகு சங்கிலி, மோட்டார் ரூம், பட்டினி, கடைசியில் நான்குவழிச்சாலை ஓரம். அந்த முடிவைக் குட்டி விற்ற அன்றே எழுதிவிட்டார்கள்.

இதே காரணத்துக்காகத்தான் டோகோவையும் கிரேட் டேனையும் கலக்கிற வேலையையும் விடச் சொல்கிறேன். எலும்பு கனக்கும், வெள்ளை கூடும், ஃபோட்டோவில் எடுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அர்ஜென்டினாவின் டோகோவும் வெள்ளை நாய், அதற்கும் இந்தச் செவிட்டுக் குறை உண்டு. குறையோடு குறையைச் சேர்த்து என்ன காணப் போகிறோம்? 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களை விற்கவும் வளர்க்கவும் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. டோகோ அதில் இருந்தது, அதன் கலப்புகளையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் ராஜபாளையம் இல்லை. நாமே போய் டோகோ ரத்தத்தைக் கலந்து, நாளைக்கு வரப்போகிற பட்டியலில் நம் நாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம்.

'லைன் கெடக்கூடாது' என்று தாயையும் மகனையும் சேர்ப்பதும், ஊரெல்லாம் ஒரே பேர்பெற்ற கடுவனிடம் போய் நிற்பதும் இதற்குப் பக்கத்துத் தவறுகள். பத்துப் பொட்டையின் குட்டிகளுக்கும் ஒரே அப்பன் என்றால், அடுத்த தலைமுறையிலேயே எதை எதோடு சேர்த்தாலும் அண்ணன் தங்கைதான். ராஜபாளையத்துக்குச் சொறி அதிகம் வருகிறது என்று எல்லோரும் புலம்புகிறோம். நெருங்கிய ரத்தம் அதற்கும் வழி விடுகிறது. கர்நாடகத்தில் முதோல் பக்கம் திம்மாப்பூரில் கால்நடைப் பல்கலைக்கழகம் அந்த ஒரு நாய்க்கென்றே ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. நம் பக்கம் சென்னை சைதாப்பேட்டையில் அரசு நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவும் மூடப்பட்டுவிட்டது. ஆகவே பதிவேடு நம் கையில்தான் இருக்கிறது. காரியாபட்டி வட்டாரத்தில் நாய் வளர்க்கிறவர்கள் ஆளுக்கொரு நோட்டு போட்டு, அப்பன், ஆத்தாள், பிறந்த தேதி, ஈற்றில் எத்தனை குட்டி, எத்தனைக்குக் காது கேட்டது, எது யாரிடம் போனது என்று எழுதினாலே போதும். சில ஆண்டுகளில் நம்மிடம் எந்த ஆபீசிலும் இல்லாத ஆவணம் இருக்கும்.

முயல் வேட்டை விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். வீடியோ எடுத்துப் போடுகிறவர் தன் கையாலேயே சாட்சி தயாரிக்கிறார். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021-இல் புலிகள் காப்பகமாகிவிட்டது. அந்தப் பக்கம் நாயோடு காட்டுக்குள் காலெடுத்து வைப்பது இன்னும் பெரிய வம்பு. நாய் ஓட வேண்டும், அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஓடாத வேட்டைநாய் சங்கிலியில் கிடந்து கெடும். அந்த ஓட்டத்துக்கு உயிருள்ள இரை தேவையில்லை. மேல்நாடுகளில் ஒரு துண்டுத் துணியைக் கயிற்றில் கட்டி, கப்பியில் கோத்து, மோட்டாரால் வளைத்து வளைத்து இழுத்து நாய்களை ஓடவிடுகிறார்கள். அசைவதைப் பார்த்துத்தான் இந்த நாய் பாய்கிறது என்பதால் துணியின் பின்னாலும் அதே வெறியோடு ஓடும். பழைய டிவிஎஸ் வண்டியின் பின்சக்கரமும் ஒரு தரிசு நிலமும் போதும். உழவு ஓட்டிய காட்டில் வேண்டாம், கட்டியில் கால் மடங்கும்.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பிரச்சினை. காது கேட்கிற நாய் வேண்டும் என்று கேட்கிறவன், இந்தப் பட்டாசு சீமையில் அந்தக் காதைக் காப்பாற்றும் வழியையும் சொல்ல வேண்டும். சிவகாசி நமக்குப் பக்கம். தீபாவளி மட்டுமில்லை, கல்யாணம், கோயில் கொடை, சாவு வீடு எல்லாவற்றுக்கும் வெடிதான். நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த அளவே நாய்க்குத் தாங்காதது. நமக்குக் கேட்காத உச்ச ஓசையெல்லாம் அதற்குக் கேட்கும். 'பரியேறும் பெருமாள்' படத்தில் நடித்த கருப்பி நாயை உங்களுக்குத் தெரியும். 2018-இல் அந்தப் படம் வந்தபோது நம் பக்கத்து வேட்டைநாயைத் தமிழ்நாடே தெரிந்துகொண்டது. 2024 தீபாவளியில் அந்தக் கருப்பி பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடி, வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது என்று செய்தி வந்தது. மற்ற நாய் மிரண்டால் கட்டிலுக்கடியில் போகும். இந்த இனம் மிரண்டால் ஓடும், அந்த ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது. அதனால் தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்தே வெளியில் கட்டாதீர்கள். ஜன்னல் சாத்திய உள்ளறையில், ஃபேன் சத்தத்தோடு, பழகிய ஆள் பக்கத்தில் இருக்கட்டும். கழுத்துப்பட்டையில் உங்கள் ஃபோன் நம்பர் பொறித்த தகடு இருக்கட்டும். குட்டியாக இருக்கும்போதே தூரத்து வெடிச்சத்தம் கேட்கிற நேரம் பார்த்து நல்ல தீனி கொடுத்துப் பழக்கினால், பெரிதானதும் பாதிப் பயம் குறையும்.

தீனி என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பங்கஞ்சியும் சோளக்கூழும் குடித்தே இந்த நாய்கள் வளர்ந்தன என்பது உண்மைதான். ஆனால் வளர்கிற குட்டிக்கும் பால் கொடுக்கிற பொட்டைக்கும் அது போதாது. முட்டையோ வேகவைத்த கோழிக்கழிவோ சேருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பார்வோ வந்தால் ஒரு ஈற்றே ஒரு வாரத்தில் காலியாகும். கருத்தடைக்கோ வேறு அறுவைக்கோ கொண்டுபோகும்போது டாக்டரிடம் 'இது வேட்டைநாய்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் இந்த நாய்களுக்குச் சீக்கிரம் தெளியாது. கிரேஹவுண்டில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. சொன்னால் மருந்தை மாற்றிப் போடுவார்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. காது தெரிவது ஆறாவது வாரத்தில். நாற்பது நாளில் தூக்கிக் கொடுத்துவிட்டால் எது செவிடு என்று உங்களுக்கே தெரியாது. தாயோடும் கூடப்பிறந்ததோடும் கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்வதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். ராஜபாளையம் மாதிரி தாடையுள்ள நாய்க்கு அந்தப் பாடம் கட்டாயம் வேண்டும்.

விலை போகாது என்பீர்கள். வாங்க வருகிறவர் வெள்ளைதான் கேட்கிறார், மறைக் குட்டியை யார் எடுப்பார் என்பீர்கள். வாங்குகிறவருக்குத் தெரிந்தது நாம் காட்டிய ஃபோட்டோதான். அவர் முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிக் காட்டுங்கள். காது விறைக்கிற மறைக் குட்டியையும், அசையாத வெள்ளைக் குட்டியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், காவலுக்கு நாய் தேடி வந்தவர் எதை எடுப்பார் என்று பாருங்கள். கிடை போடுகிற கீதாரிகளிடமும் தோட்டத்தில் குடியிருப்பவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி சருகு அசைந்தால் எழுந்து நிற்கிற நாய்தான் அவர்களுக்கு வேண்டும், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

ஆகவே இந்தப் பருவத்துக்கு மூன்று காரியம் மட்டும் கேட்கிறேன். பூனைக்கண் நாயை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், மேட்டிங்குக்கு வைக்காதீர்கள். நல்ல காதும் நல்ல காலும் உள்ள நிறமுள்ள ராஜபாளையம் எங்கேயாவது இருந்தால், உங்கள் வெள்ளைப் பொட்டைக்கு அதைத் தேடிப் போங்கள். மறை விழுந்த குட்டி பிறந்தால் கண்மாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். எடுக்க ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மல்லாங்கிணற்றில் யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். எட்டு வாரம் வரை தாயிடம் விட்டு வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊரில் நாய் வளர்க்கும் ஒருவன்,
மல்லாங்கிணறு